இமயத்து ஊசியிலை, இடுக்கி ஏலம்

பாலக்காட்டில் எந்தச் சின்ன ஓட்டலில் உட்கார்ந்தாலும், இலை போடுவதற்கு முன்பே ஒரு டம்ளர் வெந்நீர் வந்துவிடும். நிறம் இளஞ்சிவப்பு. வாளையாறு தாண்டி முதல் முறை வருகிற தமிழ்நாட்டுக்காரர்கள் அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். பதிமுகம் என்ற மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையைச் சீவி, அந்தச் சீவலில் ஒரு சிட்டிகை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் அது. நம் பக்கத்தில் சப்பங்கி என்போம். பதிமுகம் இல்லாத வீட்டில் கருங்காலிக் கட்டை இருக்கும்; அதுவும் இல்லையென்றால் சுக்கு, சீரகம், ஏலத்தோல், வெட்டிவேர். வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது கேரளத்தில் அபூர்வம். எதையாவது போட்டே ஆக வேண்டும்.

மரத்தைத் தண்ணீரில் போட்டுக் குடித்துப் பழகிய இந்த ஊரில் பைன் இலைத் தேநீர் என்ற பேச்சு சுலபமாகக் காதில் ஏறுகிறது. செல்போன் காணொளிகள் அதைக் கொண்டுவந்து சேர்த்தன. பச்சை ஊசியிலைகளைக் கழுவி, அடியில் இருக்கும் பழுப்பு உறையைக் கிள்ளி எறிந்து, பொடியாக நறுக்கி, கொதி அடங்கிய வெந்நீரை ஊற்றி மூடிவைத்து, பத்து நிமிடம் கழித்து வடிகட்ட வேண்டும். கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால் வைட்டமின் சி வீணாகும், பிசினின் காரமும் கூடிவிடும். செய்முறை இவ்வளவுதான். 2021இல் கொரோனா தடுப்பூசியின் ‘தீங்கை’ இந்தத் தேநீர் முறிக்கும் என்று ஒரு பொய்ச்செய்தி உலகம் முழுக்க ஓடியது. அதிலிருந்து இதன் புகழ் இன்னும் ஏறிவிட்டது.

இடுக்கிக்கும் பாலக்காட்டுக்கும் மலையேறிப் போகிறவர்கள் ஒரு கைப்பிடி பறித்து வந்து போட்டுக் குடிக்கலாமா? இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. இந்த மலைகளில் ஊசியிலை மரங்கள் உண்டு. அவை குடித்துப் பழகிய மரங்கள் அல்ல. நூற்றாண்டுகளாக இங்கே மக்கள் மருந்தாக உண்டுவந்த ஊசியிலை ஒன்றும் உண்டு. அது இங்கே முளைப்பதே இல்லை. இரண்டுக்கும் நடுவில், இந்த மண்ணிலேயே பிறந்த ஒரே ஒரு கூம்புமரம் யாருக்கும் தெரியாமல் நிற்கிறது. இந்த மூன்றையும் பிரித்தறியாமல் கை வைப்பது ஆபத்து. நமக்கும் ஆபத்து, காட்டுக்கும் ஆபத்து.

மெக்சிகோ மரமும் சவுக்கும்

வாளையாற்றிலிருந்து குமுளி வரை இந்த எல்லைக்கோட்டை மனதில் ஓட்டிப் பாருங்கள். மீனாட்சிபுரம், கோபாலபுரம், பிறகு ஆனைமலை. பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த பரம்பிக்குளத்துக்குச் சாலைவழி போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகத்தான் போக வேண்டும். அப்புறம் வால்பாறை, மறையூர், சின்னார், வட்டவடை, டாப் ஸ்டேஷன், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. மொழி இரண்டும் கலந்து பேசப்படும் ஊர்கள். மூணாறு எஸ்டேட் லயங்களில் இன்றும் வீட்டுமொழி தமிழ்தான்.

இந்த மலைகளிலும், உள்ளே தள்ளி இடுக்கியின் மேற்கு விளிம்பில் இருக்கும் வாகமண்ணிலும் பைன் மரங்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. வாகமண் பைன் காடு சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கிற இடம். பக்கத்தில் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கொடைக்கானலிலும் இதே காட்சி. வரிசையே காட்டிக்கொடுத்துவிடும்: இவை நடப்பட்டவை. இந்த மலைகளில் பரவலாக நடப்பட்ட பைன்களில் ஒன்று மெக்சிகோவிலிருந்து வந்த பட்டுலா பைன். அதன் இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் அடையாளம் மறக்காது. ஒரு சாண் நீளம் வரை இருக்கும். விறைத்து நிற்காது, தொங்கும். மூன்று மூன்று ஊசிகளாக ஒரே அடியிலிருந்து கிளம்பும். சிலவற்றில் நான்கு, ஐந்தும் இருக்கும். அந்த அடியைச் சுற்றிக் காகிதம் போல ஒரு மெல்லிய உறை. இப்படிக் கட்டுக்கட்டாக, அடியில் உறையோடு ஊசி வந்தால் அது பைன் இனம். ஊசிகள் தனித்தனியாகக் கிளையில் உட்கார்ந்திருந்தால் பைன் இல்லை, வேறேதோ. பறிக்க நினைப்பவர்கள் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுதான்.

எஸ்டேட் பங்களாத் தோட்டங்களில் சைப்ரஸும், அடுக்கடுக்காகக் கிளை விரிக்கும் அரக்கேரியாவும் உண்டு. வீட்டு வாசல்களில் துஜா. எல்லாவற்றையும் பொதுவாகக் கிறிஸ்துமஸ் மரம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். இதில் கலிஃபோர்னியாவின் மான்டெரே சைப்ரஸ் இலையைத் தின்ற சினைப்பசுக்கள் கன்று வீசிய சம்பவங்கள் நியூசிலாந்தில் நன்கு பதிவானவை. அமெரிக்காவின் பாண்டரோசா பைனிலும் அதே நச்சு, ஐசோகுப்ரஸிக் அமிலம். துஜாவின் எண்ணெயில் தூஜோன் என்ற பொருள் இருக்கிறது. அளவு மீறினால் வலிப்பு வரும். கர்ப்பிணிகள் எந்த ஊசியிலைத் தேநீரையும் தொடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

அப்புறம் சவுக்கு. நம்மில் பலருக்கு ஊசியிலை என்றதும் கண்ணில் வருவது அதுதான். பாலக்காட்டுப் பக்கம் காற்றாடி மரம் என்கிறார்கள். அது கூம்புமரமே அல்ல, பூக்கும் தாவரம். ஊசி போலத் தெரிவது இலையும் அல்ல, பச்சைக் குச்சி. இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவிலும் மோதிரம் போலச் சுற்றியிருக்கும் நுண்ணிய பற்கள்தான் அதன் உண்மையான இலைகள். பைன் இலைத் தேநீர் என்று நினைத்துச் சவுக்குக் குச்சியை ஊறவைத்தால் அந்தப் பழைய மருந்தறிவில் எதுவும் இதற்குப் பொருந்தாது.

பைன் ஏன் இங்கே வந்தது? காகிதக்கூழ், விறகு, மரத்தேவை. புல்வெளி என்றால் வெறும் நிலம் என்று நினைத்த காலம் அது. மலையுச்சிப் புல்வெளியும் பள்ளங்களில் ஒடுங்கிய சோலைக்காடும் சேர்ந்ததுதான் இந்த மலைகளின் இயல்பான தோற்றம். மழைநீரைப் பிடித்து வைத்து ஆறுகளுக்குக் கொடுப்பது அந்தக் கூட்டணி. வட்டவடைக்கு அடுத்த பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு அழிந்ததை 2018இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வந்த ஆய்வு செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டியது. மரத்தோட்டங்களும் விவசாயமும் தின்ற நிலம் அது. பைன் தோப்புக்குள் நடந்தால் காலடியில் மெத்தென்று உதிர்ந்த ஊசிகள் மட்டுமே. கீழே வேறு செடி தலைகாட்டுவது குறைவு. போட்டோவுக்கு அழகாக இருக்கும் இந்த இடம் ஒரு புல்வெளி காணாமல்போன இடமாகவும் இருக்கலாம் என்பதை நினைக்கும்போது அந்த அழகை என்னால் ரசிக்க முடிவதில்லை.

மண்ணின் ஒரே கூம்புமரம்

தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் கூம்புமரம் ஒன்றே ஒன்றுதான். தாவரவியல் பெயர் நாகேயா வாலிச்சியானா. மலைமக்கள் வழக்கில் நிரம்பாலி. அகத்தியமலை, பெரியாறு வட்டாரத்துப் பசுமைமாறாக் காடுகளில் உயர்ந்த மரங்களுக்கு நடுவே இது நிற்கிறது. ஊசி தேடிப் போகிறவர் கண்ணில் இது படவே படாது. ஏனென்றால் இதன் இலை ஊசி அல்ல, அகன்ற இலை. தோல் போலத் தடித்தது, பளபளப்பானது, எதிரெதிராக அமைந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்: நடுநரம்பு கிடையாது. அடியிலிருந்து நுனி வரை ஏராளமான நரம்புகள் பக்கம் பக்கமாக ஓடும். மா, பலா, நாவல் என்று நாம் அறிந்த எந்த மரத்து இலையிலும் இப்படி இருக்காது.

பைன் குடும்பம் வடகோளத்துக் குடும்பம். நிலநடுக்கோட்டைத் தாண்டி இயற்கையாக வளரும் பைன் உலகத்திலேயே ஒன்றுதான், சுமத்ராவில் இருக்கிறது. இமயத்தில் பைனும் தேவதாருவும் கொழித்தாலும் அவை கங்கைச் சமவெளியைக் கடந்து தெற்கே வரவில்லை. நிரம்பாலி வேறு வம்சம். தென்கோளத்தில் செழித்த போடோகார்ப் குடும்பத்தைச் சேர்ந்தது. இதே இனம் வடகிழக்கு இந்தியா, மியான்மர், இந்தோனேசியா வழியாக நியூகினி வரை பரவியிருக்கிறது.

அந்தக் குடும்பத்துக்கும் குடிநீருக்கும் ஒரு கதை உண்டு. 1773இல் கேப்டன் ஜேம்ஸ் குக் நியூசிலாந்தின் டஸ்கி சவுண்ட் என்ற கடற்கழியில் கப்பலை நிறுத்தியபோது, மாலுமிகளை, வைட்டமின் சி பற்றாக்குறையால் வரும் ஸ்கர்வி நோயிலிருந்து காக்க அங்கிருந்த ரிமு மரத்தின் இலைக்கொழுந்துகளையும் மனுகா இலைகளையும் காய்ச்சி, மால்ட் சாறும் சர்க்கரைப்பாகும் சேர்த்து ஒருவகை பீர் தயாரித்தார். ரிமு நிரம்பாலியின் குடும்பத்து மரம். அதனால் நிரம்பாலியையும் காய்ச்சிக் குடிக்கலாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. ஒரு குடும்பத்தில் ஒன்று மருந்தாக இருந்தால் இன்னொன்று நஞ்சாக இருப்பது தாவரங்களில் சகஜம். அதைவிட முக்கியம், இருப்பதே கொஞ்சம். தொடாமல் விட வேண்டிய மரம் இது.

மருந்து சொன்னவனுக்கு என்ன ஆயிற்று

ஊசியிலைத் தேநீரின் கதையை எழுதுகிற எல்லோரும் 1535இல் ஆரம்பிப்பார்கள். அவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிற கதையும் அதுதான். மீதியையும் சொல்லியாக வேண்டும்.

பிரெஞ்சு மாலுமி ழாக் கார்ட்டியே மூன்று கப்பல்களோடு கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் ஏறிப் போய், இன்றைய கியூபெக் நகரம் இருக்கும் ஸ்டாடகோனா என்ற பழங்குடி ஊருக்கு அருகில் பனிக்காலத்தில் மாட்டிக்கொண்டார். ஆறு உறைந்தது. பச்சைக்காய் இல்லை, பழம் இல்லை. ஈறு அழுகிப் பல் கொட்டியது, கால்கள் கறுத்து வீங்கின. 110 பேரில் 25 பேர் செத்தார்கள். மிச்சம் இருந்தவர்களிலும் நிற்கக்கூடிய தெம்புள்ளவர்கள் சிலரே. அப்போது ஊர்த்தலைவர் டோனகோனாவின் மகன் டோமகாயாவைக் கார்ட்டியே பார்த்தார். சில நாள் முன்பு அதே நோயில் கிடந்தவன் நிமிர்ந்து நடந்து வருகிறான். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். அன்னெடா என்ற மரத்தின் இலையையும் பட்டையையும் காய்ச்சிக் குடித்ததாகச் சொன்னான். ஊர்ப்பெண்கள் கிளைகளைக் கொண்டுவந்து கொடுத்துச் செய்முறையையும் காட்டினார்கள். ஒரு முழு மரத்தைச் சில நாட்களில் காய்ச்சிக் குடித்தே தீர்த்தார்கள் மாலுமிகள். பிழைத்தார்கள்.

வசந்தம் வந்து ஆறு உருகியதும் கார்ட்டியே என்ன செய்தார்? டோனகோனாவையும் டோமகாயாவையும் இன்னும் சிலரையும் பிடித்துக் கப்பலில் ஏற்றிப் பிரான்சுக்குக் கொண்டுபோய்விட்டார். அவர்களில் ஒருவரும் ஊர் திரும்பவில்லை. 1608இல் சாமுவேல் ஷாம்ப்ளேன் அதே இடத்தில் குடியேற்றம் அமைத்தபோது ஸ்டாடகோனா என்ற ஊரே அங்கு இல்லை. அந்த மக்களும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் ஷாம்ப்ளேனின் ஆட்களில் பெரும்பாலோர் ஸ்கர்வியிலும் வயிற்றுப்போக்கிலும் மடிந்தார்கள். மரம் அங்கேயேதான் நின்றது. எது அந்த மரம் என்று காட்ட ஆளில்லை. அன்னெடா துஜா இனமா, பால்சம் ஃபிர் மரமா என்று இன்றைக்கும் அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

1747இல் ஜேம்ஸ் லிண்ட் எச்.எம்.எஸ். சாலிஸ்பரி கப்பலில் 12 நோயாளிகளை வைத்து ஆரஞ்சு, எலுமிச்சையின் வலிமையை நிரூபித்ததும், வைட்டமின் சி-யைப் பிரித்தெடுத்த ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜிக்கு 1937இல் நோபல் பரிசு கிடைத்ததும் பின்னால் வந்த கதை. ஜெர்மானியப் படை லெனின்கிராடை 1941 முதல் 1944 வரை முற்றுகையிட்டபோது, பட்டினியில் இருந்த அந்த நகரம் பைன், ஸ்ப்ரூஸ் ஊசிகளிலிருந்து வைட்டமின் சாறு எடுத்து மக்களுக்கும் ராணுவத்துக்கும் கொடுத்தது. கொரியாவில் பைன் இலைத் தேநீர் இன்றும் வீட்டுப் பானம். அறுவடைத் திருநாளுக்கு அரிசிக் கொழுக்கட்டையைப் பைன் இலை பரப்பி அதன்மேல் வைத்து அவிக்கிறார்கள்.

இந்த ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. நீண்ட குளிர்காலத்தில் பச்சை என்று கண்ணில் படுவது ஊசியிலை மரம் ஒன்று மட்டுமே என்ற நிலை. இடுக்கியில் அந்த நிலை எந்த மாதத்திலும் வராது. கொய்யா காய்க்கும், எலுமிச்சை காய்க்கும், கீரை முளைக்கும். காட்டு நெல்லிக்காய் இரண்டைக் கடித்துத் தண்ணீர் குடித்தால் ஊசியிலைத் தேநீர் ஒரு கோப்பையில் கிடைப்பதைவிட அதிக வைட்டமின் சி உடம்பில் சேரும். ஊசியிலையைக் குடிக்கும் வழக்கம் இந்த மலைகளில் உருவாகாததற்குக் காரணம் அறியாமை இல்லை, தேவைப்படவில்லை.

தேவைப்பட்ட இடத்தில் இந்த மக்களின் அறிவு எவ்வளவு நுட்பமாக வேலை செய்தது என்பதற்கு ஈந்து சாட்சி. கூம்புமரங்களுக்குத் தூரத்து உறவான சைகஸ் மரம் அது. பாலக்காடு உள்ளிட்ட மலபார்ப் பகுதிக் காடுகளில் உண்டு. அதன் கொட்டையில் சைகசின் என்ற நஞ்சு இருக்கிறது. ஈரலைக் கெடுக்கும், புற்றுநோயை உண்டாக்கும். அந்தக் கொட்டையை உடைத்து, வெயிலில் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி வடித்து, மறுபடி காயவைத்து மாவாக்கி, ஈந்தப்பிடி என்ற பலகாரம் செய்கிறார்கள். எத்தனை முறை தண்ணீர் மாற்ற வேண்டும் என்பதில்தான் உயிர் இருக்கிறது. எத்தனை தலைமுறை பட்டுத் தெரிந்துகொண்ட கணக்கோ அது. பைன் இலைக்கு அப்படி ஒரு கணக்கு இங்கே யாரிடமும் இல்லை, ஏனென்றால் அந்த மரம் வந்தே சில தலைமுறைதான் ஆகிறது.

சாக்குக்குள் இமயமலை

இப்போது நாட்டு மருந்துக் கடைக்கு வருவோம். போடியிலோ கம்பத்திலோ பாலக்காட்டிலோ, எந்தக் கடையிலும் தாளிசபத்திரி என்று கேளுங்கள். பழுப்பும் பச்சையும் கலந்த காய்ந்த ஊசிகளைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். “தாளிசாதி குடுங்கண்ணே, பிள்ளைக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது” என்று தாய்மார்கள் கேட்டு வாங்குவது இந்தக் கடைகளில் பழகிய குரல். அவர்கள் வாங்குவது ஊசியிலை மரத்து மருந்து என்று அவர்களில் பலருக்குத் தெரியாது.

இமயமலையில் ஏறக்குறைய 3,000 மீட்டருக்கு மேல் வளரும் ஃபிர் மரத்தின் இலை அது. அரசின் ஆயுர்வேத மருந்துநூல் தாளிசத்துக்கு அந்த மரத்தையே குறிக்கிறது. நம் மலைகளில் மிக உயர்ந்த ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். ஆகவே இந்த மருந்து எப்போதுமே வடக்கிலிருந்து வந்தாக வேண்டும். சித்த மருத்துவத்தில் தாளிசாதி சூரணம், கேரள ஆயுர்வேதத்தில் தாலீசபத்ராதி சூரணம், வடகம் என்று இருமல், இரைப்பு, பசியின்மைக்குத் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் மருந்துகளுக்குப் பெயர் கொடுத்ததே இந்த இலை.

சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதியில், க்ஷயரோக அத்தியாயத்தில் வரும் தாளிசாதி சூரணத்தின் கணக்கு அழகானது. தாளிசம் ஒரு பங்கு. மிளகு இரண்டு. சுக்கு மூன்று. திப்பிலி நான்கு. மூங்கிலுப்பு ஐந்து. பட்டையும் ஏலமும் அரை அரைப் பங்கு. சர்க்கரை, திப்பிலியைப் போல எட்டு மடங்கு, அதாவது 32 பங்கு. எல்லாம் கூட்டினால் 48 பங்கில் ஊசியிலை ஒரே ஒரு பங்கு. பெயர் அதற்கு, உடம்பு இடுக்கிக்கு! மிளகு இந்த மலைச் சரிவுகளில் மரமேறும் கொடி. ஏலம் வண்டன்மேட்டு மலைகளில் விளைந்து, புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலம் விடப்படுகிற சரக்கு. இஞ்சி, திப்பிலி, மூங்கில், பட்டை எல்லாமே கேரளத்தில் விளைகிறவை. இமயத்துக்காரன் ஒரு பிடி இலை அனுப்ப, மற்றதையெல்லாம் தெற்கு மலைகள் போட்டு முடித்த மருந்து இது. சாலைகளும் ரயிலும் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தச் சரக்குகள் ஒன்றை ஒன்று தேடிப்போயிருக்கின்றன. ஊசியிலைத் தேநீரைப் புதிதாக நமக்குக் கற்றுத்தருவதாகச் சொல்லும் காணொளிகளுக்கு இந்தச் சூரணத்தைத்தான் பதிலாகக் காட்டுவேன். இதைத் தேனில் குழைத்துச் சாப்பிடுவதுதான் வழக்கம். எந்த வயதுக்கு எவ்வளவு என்பதைச் சித்த, ஆயுர்வேத மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிகள் அந்த 32 பங்கையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதிலும் ஒரு கத்தி ஒளிந்திருக்கிறது. தாளிசம் என்ற பெயரில் நாடு முழுக்க ஒரே இலை விற்பதில்லை. இமயத்தின் சில பகுதிகளில் குட்டை ரோடோடென்ட்ரான் செடியின் இலை அந்தப் பெயரில் போகிறது. தெற்கில் லூபிக்கா இனத்துப் பழமரம் ஒன்றின் இலைக்கு அந்தப் பெயர் இருந்ததை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். வங்கத்தில் யூ மரத்தின் இலை. மற்ற இரண்டும் அசல் சரக்கு அல்ல. யூவோ பெரும் ஆபத்து. அதன் விதையை மூடியிருக்கும் சிவப்புச் சதையைத் தவிர இலை, பட்டை, விதை எல்லாமே நஞ்சு. டாக்சின் என்ற பொருள் இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது. அதே யூ இனம்தான் டாக்சால் என்ற புற்றுநோய் மருந்தையும் உலகுக்குக் கொடுத்தது. அதற்காகவே இமயத்து யூ மரங்கள் சூறையாடப்பட்டு இன்று அழிவின் விளிம்பில் இருக்கின்றன.

காய்ந்த இலையிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். ஃபிர், யூ இரண்டுமே தட்டையான ஊசிகள். ஃபிர் ஊசியின் நுனி கூராக இருக்காது, நடுவில் சிறு பிளவோடு இரண்டாகப் பிரிந்திருக்கும். அடிப்பக்கத்தில் நடுநரம்புக்கு இருபுறமும் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடும். யூ ஊசி முனையில் கூர்ந்து முடியும். அடிப்பக்கத்தில் வெள்ளைக் கோடு இல்லை, வெளிறிய பச்சை மட்டும். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு. கடைக்காரர்களில் அனுபவசாலிகள் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் பரப்பி, கட்டைவிரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். பொடியாக அரைத்துவிட்டால் அவர்களாலும் முடியாது. ஆகவே தாளிசபத்திரியைத் தனியாக வாங்குகிறவர்கள் இலையாகவே கேட்டு வாங்க வேண்டும். சூரணமாக வேண்டுமென்றால், மருந்து உரிம எண்ணும் தயாரிப்புத் தேதியும் அச்சிட்ட டப்பாவாக இருக்கட்டும்.

பறிப்பது யார் உரிமை

காட்டில் பறிப்பதற்குச் சட்டமும் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்திலும் தேசியப் பூங்காவிலும் வெளியாள் ஓர் இலையையும் எடுத்துவரக் கூடாது. எரவிகுளம், பாம்பாடும் சோலை, மதிகெட்டான் சோலை, சின்னார், பெரியாறு, பரம்பிக்குளம் என்று இந்த எல்லை நெடுக இருப்பவை அவையே. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டின் சிறுவிளைபொருட்களைச் சேகரிக்கும் உரிமையை அங்கேயே வாழும் பழங்குடிகளுக்கு அளித்திருக்கிறது. பரம்பிக்குளத்துக் காடர்களும் மலசர்களும், இடுக்கியின் முதுவர்களும் மன்னான்களும் தேனும் குங்கிலியமும் நெல்லிக்காயும் எடுப்பது அந்த உரிமையில். வாரக் கடைசியில் கார் எடுத்துக்கொண்டு வருகிறவர் பறித்துப் பைக்குள் போடுவது அதே கணக்கில் வராது. சாலையோர மரமென்றால் புகையும் தூசியும். ஏலத்தோட்டத்துக்கு ஒட்டிய மரமென்றால் பூச்சிமருந்துத் தெளிப்பு. சட்டம் இல்லாவிட்டாலும் அந்த இலையைக் குடிக்க நான் சொல்ல மாட்டேன்.

மலையின் வாசனையைக் கோப்பையில் தேடுகிறவருக்கு வேறு வழி இருக்கிறது. மறையூர், காந்தளூர்ச் சரிவுகளில் முதுவர்கள் தெருவைப்புல் என்கிற எலுமிச்சைப்புல்லை வளர்த்துத் தைலம் வடிக்கிறார்கள். அந்தப் புல்லில் இரண்டு தாளை முடிச்சுப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, ஒரு துண்டு சுக்கைத் தட்டிப்போட்டு, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்தில் கொஞ்சம் சேர்த்தால் போதும். பால் வேண்டாம். அது இந்த மண்ணின் பானம், பறித்தவருக்கும் நாலு காசு போகும்.

வனத்துறைக்கும், 1975 முதல் திருச்சூர் அருகே பீச்சியில் இயங்கும் கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் ஒரு வேண்டுகோள். மெக்சிகோ பைன் பார்க்க ஆயிரக்கணக்கில் மக்கள் வருகிற இடங்களில் நிரம்பாலிக் கன்றுகள் பத்தை நட்டு, இலையைத் தொட்டுப் பார்க்கிற உயரத்தில் வளரவிட்டு, தமிழிலும் மலையாளத்திலும் பெயர்ப்பலகை வையுங்கள். நடுநரம்பில்லாத அந்த இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் கூம்புமரம் ஒன்று உண்டா என்று கேட்டால், வாகமண் பைன் என்று பதில் சொல்லாத ஒரு தலைமுறை அங்கிருந்து தொடங்கட்டும்.